களிம்புக்குள் நிற்கும் எழுத்து: சிறு செப்புக் காசுகளை அறிதலும் தூய்மை செய்தலும்

எளிதாகக் கிடைப்பதும் எளிதாக அழிக்கப்படுவதுமான தொல்பொருள் ஒன்று உண்டெனில் அது சிறு செப்புக் காசுதான். பொற்காசு கிடைத்தால் ஊர் கூடும், வட்டாட்சியர் வருவார், செய்தித்தாளில் படம் வரும். சட்டைப் பொத்தான் அளவில், பச்சை படிந்து, முகம் தெரியாமல் கிடக்கும் செப்புக் காசுக்கு அந்த மதிப்பு வாய்ப்பதில்லை. எடுத்தவர் அதை வேட்டி முனையில் தேய்ப்பார். தெளியவில்லையெனில் வீட்டில் பித்தளைக் குடத்தை விளக்குவதுபோலப் புளி போட்டு விளக்குவார். அப்போதும் ஒன்றும் தெரியாவிடில் பழைய பாத்திரங்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார். இம்மூன்று செயல்களில் மூன்றாவதைத்தான் நாம் அழிவு என்று கருதுகிறோம். உண்மையில் அழிவு பெரும்பாலும் இரண்டாவதிலேயே முடிந்துவிடுகிறது.

நான் மொழியியல் வழியாகக் காசுகளிடம் வந்தவன். அரசமரபும் எடைத்தரமும் நாணயவியலாளருக்கு முதன்மையானவை; எனக்கு முதன்மையானவை காசின் விளிம்பில் ஓடும் நான்கைந்து எழுத்துகள். அவ்வெழுத்துகளின் பொருட்டே இதனை எழுதுகிறேன். மண்ணில் நெடுங்காலம் கிடந்த செப்புக் காசில் எழுத்து உலோகத்தின்மேல் நிற்பதில்லை. உலோகம் மாறி உண்டான படிவில் நிற்கிறது. அப்படிவை அகற்றுவோர் எழுத்தையும் சேர்த்தே அகற்றுகின்றனர். ஆகவே காசைத் தூய்மை செய்வது அதைப் படிக்கும் பணியின் ஒரு பகுதியாகும். இன்ன வகைக் காசு என்று அறிந்த பின்னரே அதன்மேல் கை வைக்க வேண்டும்.

எந்தக் காசுகள், எங்கிருந்து?

இதை ராமகுப்பத்திலிருந்து எழுதுவதற்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த மூலை இது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் கேட்கும் நிலம். கோலார்ப் பக்கத்திலிருந்து வரும் பாலாறு இப்பகுதியைக் கடந்து வாணியம்பாடி நோக்கிச் செல்கிறது. அதன் கீழ்ப்போக்கில் காஞ்சிபுரம் இருக்கிறது; கடலோடு கலக்குமிடத்தில், மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் அகழாய்வில் கிடைத்த வசவசமுத்திரம் இருக்கிறது. ஆற்றோடு மணலும் வணிகமும் சென்ற வழியில் காசும் சென்றிருக்கும்.

இவ்வட்டாரத்தின் ஆட்சி வரலாற்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க செப்புக் காசுகளைச் சொல்லலாம். ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும், அதன் கையருகே நாகரியில் ‘ஸ்ரீராஜராஜ’ என்ற பெயரும் கொண்ட சோழர் காசு தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் மிகப் பரவலாகக் கிடைப்பது. விசயநகரத்தாரின் காளை, யானை, அனுமன், கருடன் பொறித்த காசுகள் உண்டு. ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்து யானைக் காசுகள் உண்டு. 1803, 1808 என்ற ஆண்டுகள் பொறித்த கும்பினிக் காசுகளும் உண்டு. இவை எல்லாம் பிற்காலத்தவை, தடித்தவை, ஓரளவு தப்பிப் பிழைப்பவை.

இவற்றுக்கு முற்பட்டவையே நம் கவலைக்குரியவை. சங்ககாலப் பாண்டியர், சேரர், சோழர், மலையமான்கள் வெளியிட்ட சதுரச் செப்புக் காசுகள், கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் உரோமப் பேரரசிலிருந்து வந்த சின்னஞ்சிறு வட்டக் காசுகள். பல்லவரின் காளைக் காசுகள். நாம் செப்புக் காசு என்று பொதுவாகச் சொன்னாலும், இவற்றுள் பல வெள்ளீயமும் காரீயமும் கலந்த வெண்கலம். உரோமச் சிறு காசு ஒன்று 10 முதல் 15 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு கிராம் எடையும் கொண்டது. அத்தனை சிறிய வட்டத்துக்குள் பேரரசரின் தலை, அவர் பெயர், மறுபுறம் ஒரு காட்சி, ஒரு முழக்கத் தொடர், அடியில் அக்கசாலையின் குறியெழுத்து ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கும்.

களிம்பு என்பது என்ன?

செம்பின் மேற்படிவுக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். இன்று அச்சொல் மருந்துக்கடைக் குழாயைத்தான் நினைவூட்டும். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். உயிரோடு ஆணவ மலம் தொடக்கமின்றிக் கலந்து நிற்பதற்கு அவர்கள் காட்டும் உவமை, செம்பும் களிம்பும். புறத்திலிருந்து வந்து ஒட்டிய தூசியைப்போல் அன்றிச் செம்போடு உடனாய் இருப்பது களிம்பு என்ற கூர்ந்த நோக்கு அவ்வுவமைக்குள் உள்ளது. காற்றும் ஈரமும் மண்ணின் உப்புகளும் சேர்ந்தே களிம்பை உண்டாக்குகின்றன என்று இன்றைய வேதியியல் சொல்லும். ஆயினும் களிம்பில் உள்ள செம்பு, காசில் இருந்த அதே செம்பு என்பதில் ஐயமில்லை. சித்தாந்திக்குக் களிம்பு நீங்க வேண்டும். காசைப் படிப்பவனுக்கு அது நிற்க வேண்டும்.

மண்ணிலிருந்து எடுத்த காசை வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். நடுவில் எஞ்சிய உலோகம். அதைச் சுற்றிச் செந்நிறமான குப்ரைட் எனும் செம்பு ஆக்சைடு. அதற்கு மேல் பச்சை நிறமான மாலகைட் எனும் செம்புக் கார்பனேட். சில இடங்களில் நீலநிற அசுரைட். அனைத்துக்கும் மேலே மணலும் சுண்ணாம்பும் இறுகிய ஓடு. அச்சு பதித்தபோது இருந்த முதற்பரப்பு, எஞ்சிய உலோகத்தின் மேல்விளிம்பில் இருப்பதில்லை. பெரும்பாலும் அது செந்நிற அடுக்கும் பச்சை அடுக்கும் சந்திக்கும் எல்லையில் ஒரு மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். மன்னனின் மூக்கும் எழுத்தின் கொக்கியும் இருப்பது அந்த எல்லையில்தான்.

புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலங்கள் பச்சை அடுக்கையும் செந்நிற அடுக்கையும் ஒருசேரக் கரைக்கின்றன. எஞ்சுவது குழிகள் விழுந்த, மின்னுகின்ற உலோகக் கரு. குடத்துக்கு அது போதும். குடத்தின் மேல் எழுத்து இல்லை. அதன் தகடு தடித்தது. ஒரு கிராம் காசில் பொறிப்பின் உயரமே மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான். அதனோடு, பொருள் சிறிதாகும்தோறும் எடையை நோக்க அதன் புறப்பரப்பு மிகுவதால், சிறு காசுகள் பெரியவற்றைவிட விரைவாக உருமாறுகின்றன. சில காசுகளில் உலோகமே எஞ்சுவதில்லை. முழுக் காசும் களிம்பாகவே வடிவம் காத்து நிற்கிறது. அத்தகைய காசை அமிலத்தில் இட்டால் மறுநாள் கிண்ணத்தில் இருப்பது நீலப்பச்சை நீர் மட்டுமே.

ஓலைச்சுவடி படித்தோர்க்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும். மங்கிய ஏட்டில் எண்ணெயும் கரியும் பூசினால் எழுத்து துலங்கும். ஏட்டைப் படிக்க நாம் அதன்மேல் ஒன்றைச் சேர்க்கிறோம். அதைத் திரும்பத் துடைக்கவும் இயலும். காசைப் படிக்க அதிலிருந்து ஒன்றைக் குறைக்கிறோம். குறைத்ததை மீண்டும் வைக்க எவராலும் இயலாது.

முதலில் அறிதல்

தூய்மைக்கு முன் செய்யத்தக்கவை பல. அவற்றுள் எதுவும் காசைத் தீண்டுவதில்லை. முதலில் எடை: நகைக்கடைத் தராசு போதும். களிம்பேறிய காசின் எடை அதன் தொடக்க எடை ஆகாதாயினும், எந்தக் குழுவில் தேட வேண்டும் என்பதை அது காட்டும். அடுத்து விட்டமும் தடிப்பும். அடுத்து வடிவம்: சதுரமா, வட்டமா, தகட்டிலிருந்து வெட்டியதா, வார்த்ததா, விளிம்பில் வார்ப்புக் கால்வாயின் எச்சம் உண்டா, இருபுறமும் பொறிப்பு உண்டா, ஒருபுறம் வெறுமையா. அதன்பின் ஒளி. இருண்ட அறையில் கைப்பேசி விளக்கைக் காசின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, ஒளியின் திசையை மாற்றி மாற்றி எட்டுப் பத்துப் படங்கள் எடுத்தால், நேரொளியில் தெரியாத மேடுபள்ளங்கள் நிழலாக எழும். பல காசுகளுக்கு இதுவே போதுமானது, தூய்மையே வேண்டுவதில்லை.

சின்னத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது பிழைக்கு வழி. யானையை எடுத்துக்கொள்வோம். சங்ககாலப் பாண்டியரின் சதுரக் காசில் யானை உண்டு; சேரர் காசில் உண்டு; ஈழத்தின் பழைய யானை-சுவத்திகக் காசில் உண்டு; விசயநகரத்தில் உண்டு; திப்புவின் காசிலும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரே விலங்கு நடந்திருக்கிறது. வடிவம், எடை, மறுபுறம் மூன்றும் சேர்ந்தே இது எந்த யானை என்பதைச் சொல்லும். திப்புவின் காசில் மறுபுறம் பாரசீக எழுத்தில் அக்கசாலையின் பெயர் இருக்கும். ‘பட்டன்’ என்றால் சீரங்கப்பட்டணம். அவருடைய மௌலூதி ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாக எழுதியிருப்பர். இது தெரியாமல் ஆண்டைத் தலைகீழாகப் படிப்போர் இன்றும் உளர்.

உரோமச் சிறு காசுகளில் தேவைப்படும் பொறுமை இன்னும் மிகுதி. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரைப் பகுதியிலும் இவை ஏராளமாகக் கிடைத்துள்ளன. இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தொகுத்து 1994இல் தனிநூலே எழுதினார். அதற்கு நூறாண்டு முன்பே, 1889இல் தென்னிந்தியக் காசு சேகரிப்போர்க்கான குறிப்புகளை நூலாக்கிய டஃப்னெல், வைகையாற்று மணலில் அகப்படும் உரோமச் செப்புக் காசுகளைக் கவனித்திருந்தார். தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் பெயரிலான காசுகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சி, வெற்றித் தேவதை கைதி ஒருவனைத் தரையில் இழுத்துச் செல்வது. 388ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது வெளிவந்தது. காட்சியைக் கண்டால் காலம் தெரிந்துவிடும். ஆனால் எந்த நகரத்து அக்கசாலை என்பது, காட்சிக்குக் கீழே ஒரு கோட்டின் அடியில் உள்ள மூன்று நான்கு இலத்தீன் எழுத்துகளில் மட்டுமே இருக்கிறது. அவை அலெக்சாந்திரியா என்றனவா, அந்தியோக்கியா என்றனவா, கான்ஸ்டான்டினோபிள் என்றனவா என்பதைப் பொறுத்தே அக்காசு செங்கடல் வழியாக வந்த வணிகத்தைப் பற்றி எதையேனும் சொல்ல முடியும். காசின் மிகத் தாழ்ந்த, முதலில் தேயும் பகுதி அதுவே.

ஈழத்தில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. அங்கு இத்தகைய உரோமக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த போலிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவை ஏமாற்றும் நோக்கில் செய்யப்பட்டவை என்று கொள்வதற்கில்லை. சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்பியவை. இவற்றில் படத்தின் சாயல் இருக்கும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். அளவுமீறித் தேய்த்த மூலக்காசையும் உள்ளூர்ப் படியையும் பிரித்தறிய வழியில்லை. கடல்கடந்து வந்தது எது, இங்கேயே பிறந்தது எது என்ற வரலாற்று வினாவே அத்துடன் முடிந்துபோகிறது.

ஒரு கோட்டில் ஒரு மொழி

சங்க இலக்கியத்தில் பெயர் பெற்ற மன்னர்கள் எழுத்துப் பொறித்த காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் அறிஞரிடையே நெடுங்காலம் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரையில் வாங்கிய காசுகளுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைக் கண்டறிந்தபோது அவ்வையம் நீங்கத் தொடங்கியது. சதுரமான செப்புக் காசு. ஒருபுறம் குதிரையும் பெயரும், மறுபுறம் கோட்டுருவ மீன். பின்னர் கரூர்ப் பகுதியிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகளும், கொல்லிப்பொறை என்ற பெயருடைய செப்புக் காசும் அறியப்பட்டன. ஏட்டிலும் குகைத்தளக் கல்வெட்டிலும் மட்டும் கேட்ட பெயர்கள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தன.

‘பெருவழுதி’ என்னும் ஐந்து எழுத்துகளில் ஒன்று ழு. தமிழை எழுதுவதற்காகப் பிராமியில் புதிதாக அமைத்துக்கொண்ட குறிகள் நான்கு: ழ, ள, ற, ன. இவற்றை வெற்றிடத்திலிருந்து படைக்கவில்லை. ஒலியால் நெருங்கிய பழைய எழுத்தை எடுத்து, அதில் ஒரு சிறு கோட்டையோ வளைவையோ சேர்த்து உண்டாக்கினர் என்று ஐராவதம் மகாதேவன் விளக்கியுள்ளார். ன என்பது ந-வின் வடிவிலிருந்து கிளைத்தது. ள என்பது ல-வின் வடிவிலிருந்து கிளைத்தது. தாய்வடிவுக்கும் தமிழ் வடிவுக்கும் இடையே நிற்பது ஒரு கொக்கி.

கல்வெட்டில் அக்கொக்கி விரலளவு இருக்கலாம். காசில் எழுத்தின் மொத்த உயரமே இரண்டு மூன்று மில்லிமீட்டர். கொக்கி அதில் ஒரு பகுதி. தேய்க்கும்போது முதலில் போவது அதுவே. கொக்கி போன காசிலும் எழுத்து தெரியும். ஆனால் ன இருந்த இடத்தில் ந நிற்கும். தமிழில் எழுதிய பெயர் பிராகிருதப் பெயராகத் தோன்றும். புளியும் தேங்காய் நாரும் ஒரு காசின் மொழியையே மாற்றிவிட முடியும் என்று சொல்வது மிகைபோல் தோன்றலாம். எழுத்தின் அளவை நினைத்தால் அது மிகையன்று.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள். ஈழத்தின் தென்கோடியில் திஸ்ஸமகாராமைக்கு அருகில் அக்குருகொடையில் கிடைத்த சிறு ஈயக் காசுகள் பலவற்றில் தனிமனிதர் பெயர்கள் பிராமியில் உள்ளன. ஒஸ்மண்ட் போபெஆராச்சியும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட அக்காசுகளுள் உத்திரன், மகாசாத்தன் முதலிய பெயர்களை மகாதேவன் தமிழாகக் காட்டினார். ஆண்பாலைக் குறிக்கும் இறுதி ‘ன்’ அதற்கு முக்கியமான ஆதாரம். அக்கடைசி எழுத்து அழிந்திருப்பின், ஈழத்தின் தென்கரையில் தமிழ் வணிகர் தம் பெயரில் காசு வெளியிட்டனர் என்ற செய்தி நம்மிடம் இராது.

இரண்டாவது சான்று ராமகுப்பம் போன்ற எல்லைநிலத்துக்கு நெருக்கமானது. சாதவாகனரின் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் ஒரு திராவிட மொழியும் உள்ளன. ‘அரசனுக்கு’, ‘மகனுக்கு’ என்ற பொருள்தரும் சொற்களும் ‘திரு’ என்ற அடைமொழியும் ‘கு’ என்ற வேற்றுமை உருபும் அதில் தெளிவு. ‘அரசன்’ என்பதிலுள்ள சகரம் அங்கு ஹகரமாக ஒலிக்கிறது. அது பழந்தமிழின் வடபுலக் கிளைமொழியா, பழந்தெலுங்கோடு உறவுடையதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். விவாதத்தின் ஒரு பகுதி, மூக்கொலி எழுத்தின் வடிவத்தை எவ்வாறு படிப்பது என்பதைப் பற்றியது. வடக்கே வேங்கடம் என்று எல்லை வகுத்துப் பழகிய நமக்கு, அவ்வெல்லையில் மக்கள் உண்மையில் என்ன பேசினர் என்பதற்கு எஞ்சியுள்ள சில எழுத்துச் சான்றுகளுள் அக்காசுகள் அடங்கும். அவற்றைப்போல் இன்னொன்று செம்பிலோ ஈயத்திலோ எங்கேனும் ஒரு வயலில் கிடக்கலாம். அதை எடுப்பவர் கையில் என்ன இருக்கும் என்பதே கேள்வி.

தூய்மை செய்வது எப்படி?

எதுவும் செய்யாதிருப்பது முதல் விதி. அறிதல் முடிந்து, மண் ஓட்டின் கீழே எழுத்திருப்பது உறுதியாகி, அது வேறு வழியில் தெரியாது என்ற நிலையில் மட்டும் தொடர வேண்டும். அப்போதும் வாய்ப்பிருப்பின் அருங்காட்சியக வல்லுநரிடம் ஒப்படைப்பதே நன்று. ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள இடத்தில் ஓட்டை நீக்காமலேயே உள்ளிருப்பதைக் காண இயலும்.

தாமே செய்ய நேர்வோர்க்கு முறையான வழி மெதுவானது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உவர்நீரும் குளோரின் கலந்த குழாய்நீரும் ஆகா. மண் இளகிய பின் மென்தூரிகை. இறுகிய இடத்தில் உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் சீவலோ முள்ளோ கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு மண்ணை மட்டும் பெயர்க்க வேண்டும். நிறம் மண்ணின் பழுப்பிலிருந்து ஒரே சீரான பச்சைக்கோ கருமைக்கோ மாறி, பரப்பு வழவழப்பாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். செந்நிறம் தென்பட்டால் எல்லை கடந்தாயிற்று என்று பொருள். கம்பித்தூரிகை, உப்புத்தாள், செங்கற்பொடி, பற்பசை, அமிலம், வீட்டு மின்கலத்தால் செய்யும் மின்பகுப்பு ஆகிய எதுவும் இச்சிறு காசுகளுக்கு ஏற்றதன்று. நான்காம் நூற்றாண்டின் சில உரோமக் காசுகள் மேலே மெல்லிய வெள்ளிப்பூச்சு பெற்றவை; அமிலத்தில் அது சில நொடிகளில் உரிந்துவிடும்.

ஒரு நிலையில் மட்டும் சும்மா இருத்தல் தீங்கு. காசின் மேல் வெளிறிய பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் அது வெண்கல நோய். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டவுடன் அது பச்சைத் தூளாகவும் ஐதரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும், அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கும், சுற்று தொடரும். கவனியாவிடில் காசு தூளாகிவிடும். நல்ல பச்சைப் படிவு கெட்டியானது, ஒளிர்வது. நோய்ப் பச்சை மாவுபோன்றது. இவ்வேறுபாட்டை ஊர்தோறும் காசு சேர்ப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நோய்க்கு மருந்து தேடியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளும் இதே நோயால் வருந்தின. அவற்றைக் காக்கவே 1930ஆம் ஆண்டளவில் அங்கு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் வேதியியலாளரான எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையைக் கட்டுப்பாட்டோடு கையாண்டு படிமங்களை மீட்டார். பின்னர் தஞ்சைப் பெரியகோயில் ஓவியங்களின் நுட்பத்தையும் ஆய்ந்தார். திருமேனிக்குப் பொருந்தியது ஒரு கிராம் காசுக்குப் பொருந்துவதில்லை என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். திருமேனியில் தடித்த உலோகம் எஞ்சியிருந்தது. காசுகளுக்கு இன்று வல்லுநர் கையாளுவது, சோடியம் செஸ்கிகார்பனேட்டின் நீர்த்த கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவதும், 1967இல் மேட்சன் பரிந்துரைத்த பென்சோட்ரையசோல் கொண்டு செம்பை மூடிக் காப்பதுமாகும். பின்னது நஞ்சுத்தன்மை உடையது. ஆய்வகத்துக்கு வெளியே தொடத் தக்கதன்று. வீட்டில் செய்யத்தக்கது ஒன்றே: நோயுற்ற காசைப் பிறவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் உலர்வாக வைத்து, உரியவரிடம் சேர்ப்பது. பிவிசி நெகிழி உறையில் வைக்கலாகாது. அதுவே குளோரினை வெளியிட்டுக் காசைப் பச்சையாக்கும்.

துலக்கமும் விலையும்

இவ்வளவு தெரிந்தும் காசுகள் ஏன் தேய்க்கப்படுகின்றன? விலைதான் காரணம். எழுத்துத் தெரியும் காசுக்கு ஒரு விலை. தெரியாததற்கு வேறு விலை. அதனால் தேய்ப்பு மட்டுமன்றி இன்னொரு தீங்கும் வளர்ந்துள்ளது. மங்கிய எழுத்தை ஊசியாலும் உளியாலும் ஆழப்படுத்திக் கூர்மையாக்குகின்றனர்; சில வேளை இல்லாத எழுத்தையே செதுக்குகின்றனர். தமிழ்ப் பிராமிக்குக் கிடைக்கும் மதிப்பு இதற்கு ஊக்கம் தருகிறது. அச்சில் பதிந்த எழுத்து பரப்பிலிருந்து மேலெழுந்து நிற்கும். அதன் மேலும் சுற்றிலும் படிவு ஒரே சீராக ஓடும். செதுக்கிய எழுத்தின் ஓரம் கூர்மையாக, படிவை அறுத்துக்கொண்டு, உள்ளே புத்தொளியோடு இருக்கும். படிவு நம் காலத்துப் பொய்க்கு எதிரான சான்றும் ஆகிறது. அதைத் துடைத்தெடுத்த காசில் மெய்யெழுத்தையும் பொய்யெழுத்தையும் பிரிக்க எவ்வகைச் சான்றும் எஞ்சாது. எந்த மொழிப்பற்றும் இதற்கு விலக்களிக்க இயலாது. தமிழின் தொன்மையைக் காட்ட வேண்டிச் செதுக்கிய ஓர் எழுத்து, உண்மையான நூறு காசுகளின்மேல் ஐயத்தை உண்டாக்கும்.

கிடைத்த இடத்தின் செய்தியும் எழுத்தைப் போன்றே காசின் ஒரு பகுதி. எந்த ஊர், எந்த வயல், ஆற்றின் எந்தக் கரை, உடன் என்ன கிடைத்தது ஆகியவை இல்லாத காசு, யாருடையது என்று மட்டும் சொல்லும். எங்கே வழங்கியது என்று சொல்லாது. சட்டமும் இதையே வேறு நோக்கில் கேட்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. ஊரார் இச்சட்டங்களுக்கு அஞ்சிக் காசுகளை மறைப்பதும், மறைத்ததை விற்கத் துலக்குவதும் நாம் அறிந்ததே. ஆகவே அச்சுறுத்துவதைவிட, இப்பச்சைப் பொத்தானில் என்ன இருக்கக்கூடும் என்பதை எடுத்துச் சொல்வது கூடுதல் பயன் தரும் என்று நம்புகிறேன்.

இப்பதிவைப் படிப்போரில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். மாணவர் ஒருவர் பழைய காசொன்றைக் கொண்டுவந்து காட்டினால், முதலில் அதைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எடையும் விட்டமும் குறியுங்கள். பக்கவாட்டு ஒளியில் இருபுறமும் படமெடுங்கள். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, காசோடு ஒரே காகித உறையில் வையுங்கள். பிறகு மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். இதற்கு அரைமணி நேரமும் ஒரு தராசும் போதும். அக்காசு திப்புவின் யானையாகவே இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றாக, பாலாற்றங்கரை மக்களின் பழைய பேச்சைச் சொல்லும் நான்கு எழுத்துகளாகவும் இருக்கலாம். எது என்பது களிம்பு நிற்கும்வரைதான் தெரியவரும்.